பத்தாவது விதியில் நீ கோடிட்ட சொல்

தம்பி,

நேற்று மதியம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாடகை ஒப்பந்தத்தை முழுவதும் படித்துவிட்டேன். ஜொகூர் பாருவில் நீயும் உன் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து எடுக்கப்போகும் அடுக்குமாடி வீடு. பதினோரு பக்கம். பத்தாவது விதியில் ஒரு சொல்லின் கீழே சிவப்புக் கோடு போட்டு, “ரீஇன்ஸ்டேட்னா என்னமா? ரிப்பேர் பண்றதா?” என்று கேட்டிருந்தாய். நான் உடனே பதில் போட்டேன். ரிப்பேர் இல்லை, நீ உள்ளே வரும்போது வீடு எப்படி இருந்ததோ, வெளியே போகும்போது அதே மாதிரி ஆக்கிக் கொடுக்க வேண்டும், பயப்படாமல் கையெழுத்துப் போடு என்றேன். நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாய். அதோடு முடிந்தது என்று நீ நினைத்திருப்பாய். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

இப்போது மாலை ஆறு மணி. லாயர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான் மட்டும் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒப்பந்தங்கள் அடிக்கும் இதே கணினியில் உனக்கு எழுதுகிறேன். கோத்தா திங்கியில் மழை இல்லை. இருந்தாலும் ஆற்று மட்டத்தை இரண்டு முறை போனில் பார்த்தேன். கிளம்பும்போது அடுப்பை அணைத்தேனா என்று காலையில் எடுத்த படத்தையும் திறந்து பார்த்தேன். நீ சிரிக்கும் பழக்கங்கள்தான். அம்மா பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். அந்தப் பயத்தால் உன்னிடம் பன்னிரண்டு வருடமாக ஒன்றைச் சொல்லாமல் இருக்கிறேன். இதை நீ மீசை முளைக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். தாமதமாகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மாரி மாமா எனக்குப் போன் செய்தார். உனக்குச் சிங்கப்பூரில் ஏசி மாட்டும் இந்த ஏர்கோன் வேலையைப் பேசி முடித்தவர் அவர். உன் எண்ணை உன் அப்பாவிடம் கொடுத்ததும் அவர்தான் என்று ஒத்துக்கொண்டார். அப்பா உனக்குச் செய்தி அனுப்பியதும், ஒரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்டதும், நீ அவருக்கு எழுதிய பதிலும் மாரி மாமா வழியாகத்தான் எனக்குத் தெரியும். ‘அன்னைக்கு வந்தப்ப அஞ்சு நிமிசம் எனக்காக நின்னிருக்கலாம், நிக்கல. இப்ப எதுக்கு?’ என்று எழுதிவிட்டு அவர் எண்ணைத் தடை செய்துவிட்டாயாம். அப்பா அந்தச் செய்தியை மாரி மாமாவிடம் காட்டி, “எந்த அன்னைக்குடா?” என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் புரியவில்லை. மாரி மாமாவுக்குப் புரிந்துவிட்டது. “தங்கச்சி, அவன் அப்பன்தான் வீட்டை உரிச்சான்னு பையன் நெனச்சுக்கிட்டு இருக்கான். வேலை பேசுறப்பவே வாய்விட்டுச் சொன்னான். நான் ஒண்ணும் சொல்லல. அவன் எங்கூட வேலைக்கு வரப்போறான். என் வாயி சும்மா இருக்காது. நீயே சொல்லிடு,” என்றார்.

எனவே இந்தக் கடிதத்துக்கு மாரி மாமாவும் ஒரு காரணம். எல்லாம் என் மனசாட்சியால் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

நீ கேட்ட சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உன் அப்பாவை நான் சந்தித்ததே அந்தச் சொல்லால்தான். டிப்ளோமா முடித்த கையோடு கூலாயில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு வாடகைக்கு எடுக்க வந்தார்கள். ஒப்பந்தத்தை அவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கும் வேலை எனக்கு. இந்த விதி வந்ததும் நான் கல்லூரியில் படித்த கெத்தில், முன்பிருந்த நிலைக்கு மீளக் கொண்டுவருதல் என்று இழுத்தேன். ஒல்லியாக ஒருவர் சிரித்துவிட்டார். “அது எங்களுக்குத் தெரியும் மிஸ். அதான் எங்க வேலையே. சுவத்துல ஆணி அடிக்கலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்க.” பின்னால் நின்ற மாரி மாமா அவர் முதுகில் ஒன்று வைத்தார். அந்த ஒல்லி ஆள் உன் அப்பா. அடுத்த வருடம் கல்யாணம், அதற்கடுத்த வருடம் நீ. எனக்கு இருபத்திரண்டு வயது. இன்றைக்கும் உன்னோடு கடைக்கு வந்தால் அக்காவா என்று கேட்கிறார்கள், உனக்குக் கோபம் வருகிறது.

அவர்கள் வேலையை நீ மறந்திருக்க மாட்டாய். சிங்கப்பூரில் ஓர் அலுவலகமோ கடையோ காலி செய்யும்போது, வாடகைக்கு இருந்தவர்கள் உள்ளே கட்டியதை எல்லாம் பிடுங்கி எடுத்துவிட்டு வெறும் சுவரும் தரையுமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சீலிங், தடுப்புச் சுவர், கார்பெட், விளக்கு, ஆணி, ஆணி இருந்த ஓட்டை வரைக்கும். உன் அப்பாவும் மாரி மாமாவும் அதைத்தான் செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரும் ரீஇன்ஸ்டேட்தான். அகராதியில் மீட்டுத் தருவது என்று போட்டிருக்கும். அவர்கள் கையில் அது உரித்து எடுப்பது. நான் ஒப்பந்தத்தில் அடிப்பேன், அவர் சுத்தியலால் அடிப்பார், ஒரே சம்பளம்தான் என்று உன் அப்பா கேலி செய்வார்.

பிடுங்கியதில் பாதி குப்பைக்குப் போகும், நல்லதாக இருப்பது நம் வீட்டுக்கு வரும். கூலாயில் தாமான் குடியிருப்பில் நாம் இருந்த அந்த ஒற்றை மாடி வீட்டில் நாம் கடையில் வாங்கியது என்று அடுப்பும் மெத்தையும்தான் இருந்தன. தரையில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்துச் சாம்பல் கார்பெட்டும் ஒரு பயண ஏஜென்சியின் நீலக் கார்பெட்டும் சதுரம் சதுரமாகச் சேர்ந்து சதுரங்கப் பலகை போல இருந்தது. சாப்பாட்டு மேசை ஒரு பெரிய கம்பெனியின் கூட்டமேசையில் பாதி. கை கழுவும் இடத்தில் சலூன் கண்ணாடி. குளியலறைக் கதவு மட்டும் உறைபனி படிந்த மாதிரி கண்ணாடிக் கதவு, அதில் மேனேஜர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். யாராவது தட்டினால் நீ உள்ளே இருந்து, “மேனேஜர் பிசி!” என்று கத்துவாய். மூடப்பட்ட ஒரு டியூஷன் சென்டரிலிருந்து உனக்கு ஒரு வெள்ளைப் பலகை வந்தது. அதன் மூலையில் யாரோ ஒரு வாத்தியார் அழியாத மையில் எழுதிய பாதிக் கணக்கு ஒன்று இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்தக் கணக்கைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, மீதி இடத்தில் நீ அ, ஆ எழுதிப் பழகினாய்.

உங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. வேலை முடிந்த இடத்தைப் போனில் படம் எடுத்து வருவார். வெறும் அறை. ஓட்டைகளை அடைத்துச் சாயம் பூசுவதற்கு முந்தைய படம். நீ அவர் மடியில் உட்கார்ந்து, தரையில் இருக்கும் அடையாளத்தையும் சுவரில் இருக்கும் ஓட்டைகளையும் பெரிதாக்கிப் பார்த்து அங்கே என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். நாலு ஓட்டை, நடுவில் தண்ணீர்க் குழாய், பல் டாக்டர் நாற்காலி. வரிசையாகக் கொக்கி, துணிக்கடை. ஏழு வயதில் நீ பெரும்பாலும் சரியாகச் சொல்வாய். கடைசியாக, சாயம் பூசி முடித்த படத்தைக் காட்டுவார். “பாத்தியா, ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆக்கணும். யாரு இருந்தாங்கன்னு தெரியக்கூடாது. அதான் நல்ல வேலை.”

பிறகு நடந்ததை நீளமாக எழுத எனக்குத் தெம்பில்லை. பாலத்தில் தினமும் நான்கு மணி நேரம் போகிறது என்று சிங்கப்பூரிலேயே ஓர் அறை எடுத்தார். வாரம் ஒரு முறை வந்தவர் மாதம் ஒரு முறை வந்தார். அங்கே ஒரு பெண்ணோடு குடியிருக்கிறார் என்று தெரிந்தது. கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. “நான் கொஞ்ச நாளைக்கு வரல,” என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன், கிராணி புத்தி. அவர் செய்தது தப்பு. இந்தக் கடிதத்தில் அதை நான் மழுப்பப் போவதில்லை. அவர் போனது அவர் செய்தது.

அந்த நாட்களில் எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி உடம்பு முழுவதும் இருந்தது. உன்னைக் குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன், அலுவலகம் போனேன், ஒப்பந்தம் அடித்தேன். தாத்தா வீட்டுக்கு, கோத்தா திங்கிக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் வீட்டு ஒப்பந்தத்தையும் நான்தான் அடித்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன், அதே விதி. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற சீன வாத்தியார், தங்கமான மனிதர். “தாக் பாயா லா, வேணாம், அப்படியே விட்டுட்டுப் போ, கார்பெட் நல்லா இருக்கு,” என்று மலாயும் தமிழுமாகச் சொன்னார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்த விதிக்கு வேலையே இல்லை. எனக்கு அது தெரியும், என் தொழிலே அது. ஆனாலும் நான் மாரி மாமாவுக்குப் போன் செய்து, ஒரு வேலை இருக்கிறது, நம் வீட்டை ரீஇன்ஸ்டேட் பண்ண வேண்டும், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

அப்போது ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பள்ளி உண்டு, சிங்கப்பூர் ஆட்களுக்கு வேலை இல்லை. அப்படி ஒரு ஞாயிறு, நீ பள்ளி வேனில் ஏறியதும் அவர்கள் லோரியில் வந்து இறங்கினார்கள். நான்கு பேர். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கள் ஆள் செய்த காரியத்துக்குத் தாங்கள் வெட்கப்படுகிற மாதிரி நின்றார்கள். நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் காப்பியும் கொடுத்தேன். மாரி மாமா சாப்பிடாமல், “தங்கச்சி, நிச்சயமா? வீட்டுக்காரரு கேட்டாரா?” என்றார். அக்ரிமெண்டில் இருக்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் கூட்டமேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். அதைப் பாதியாக அறுத்தவரே அவர்தான். பிறகு கையுறையை மாட்டினார்.

நல்ல வேலைக்காரர்கள். முதலில் கார்பெட், பிறகு மேசை, பிறகு கண்ணாடி. மேனேஜர் கதவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருவர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பழைய தகரக் கதவை வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து எடுத்து வந்து மாட்டினார்கள். அவர்களில் வயதில் சின்னவர் உன் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினார். அதில் முந்தைய நாள் நீ எழுதியது இருந்தது, மலேசியாவின் பதின்மூன்று மாநிலங்கள், ஜொகூரை மட்டும் பெரிதாக. “அண்ணி, இது சின்னவனோடது. வச்சுக்கட்டுமே,” என்றார். “அதையும் ஏத்துங்க,” என்றேன். அவர் மாரி மாமாவைப் பார்த்தார். மாரி மாமா என்னைப் பார்த்தார். நான் காப்பிக் குவளைகளைக் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பலகை லோரியில் இருந்தது. மூன்று மணிக்கு எல்லா ஓட்டைகளையும் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளைச் சாயமும் பூசி முடித்துவிட்டார்கள். யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. உன் அப்பாவை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. வேறு எந்தச் சொல்லும் எனக்கு அப்போது தெரியவில்லை, எனக்குத் தெரிந்த சொல்லை வைத்துச் செய்தேன். உன்னையும் சேர்த்து எடுக்கிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை.

நாலரைக்கு நீ வந்தாய். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தவன் நின்றுவிட்டாய். கார்பெட் இல்லாத சிமெண்ட்டுத் தரை உன் காலுக்குச் சில்லென்று இருந்திருக்கும். சுற்றிலும் பார்த்தாய். பயப்படவில்லை. நேராகச் சுவரிடம் போய், கண்ணாடி இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அடைத்த ஓட்டையை விரலால் தடவினாய். சாயம் இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. திரும்பி என்னைப் பார்த்தாய். அந்த முகத்தை நான் உனக்கு எழுத்தில் சொல்ல முடியாது. அவ்வளவு சந்தோஷம்.

“அம்மா, அப்பா வந்தாரா?”

அப்படி ஓர் அறையை உனக்குத் தெரிந்து ஒருவர்தான் செய்வார். நான் ஆமாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமும் யோசித்திருக்கிறேன். நீ சந்தோஷமாக இருந்தாய், உன் முகத்துக்கு ஆமாம் என்பதுதான் பொருத்தமாக இருந்தது. அவ்வளவுதான் கிடைக்கிறது. நீ எங்கே, எங்கே என்று ஒவ்வோர் அறையாக ஓடினாய். ஓடினால் எதிரொலித்தது. சமையலறை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாய். போய்விட்டார், வேலை இருக்கிறதாம் என்றேன்.

“நான் வர்ற வரைக்கும் நிக்கலையா?”

“இல்ல.”

“என் போர்டையும் அவருதான் எடுத்தாரா?”

“ஆமா.”

உன் முகம் அணைந்ததை நான் பார்த்தேன். அந்த நொடியில் இல்லை தம்பி, அப்பா வரவில்லை, நான்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி. எனக்கு எதுவும் தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, பையைத் தூக்கு என்றேன். நீ தூக்கினாய்.

அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய சமயங்கள் வந்தன, போயின. பத்து வயதில் உன் கூட்டாளிப் பையன் உங்க அப்பா எங்கடா என்று கேட்டபோது, “எங்கப்பா வீட்டையே கழட்டி எடுத்துட்டுப் போனவரு, மேனேஜரைக்கூட விடல,” என்று நீ சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள், நீதான் அதிகமாகச் சிரித்தாய். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து மடித்தேன். தாத்தா வீட்டில் வெள்ளம் வந்த வருடம், எல்லாரும் பதறிக்கொண்டிருந்தபோது நீ ஐந்தே நிமிடத்தில் உன் பையோடு வாசலில் நின்றாய். எல்லாரும் உன்னைப் பாராட்டினார்கள். என்னால் மட்டும் பாராட்ட முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பையை நீ அன்று கட்டவில்லை, அது எப்போதும் கட்டியே இருந்தது. பன்னிரண்டு வருடம் நீ இருந்த அறையில் இன்றுவரை சுவரில் ஓர் ஆணி கிடையாது. ஒரு படம்கூட ஒட்டியதில்லை. சுத்தமான பையன் என்று தாத்தா சொல்வார்.

இப்போது அந்தச் சொல்லுக்கு இருக்கும் இன்னொரு பயனைச் சொல்கிறேன், நீ கேட்காவிட்டாலும். இங்கே எங்கள் அலுவலகத்துக்கு வேலை நீக்க வழக்குகள் வரும். அநியாயமாக வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று புகார் செய்கிறவர்கள், பழைய வேலையில் மறுபடி அமர்த்து என்று கேட்பார்கள். அதற்கும் இதே வினைச்சொல்தான். வீட்டுக்குப் போட்டால் ஒரு வீட்டைக் காலியாக்கும், ஆளுக்குப் போட்டால் காலியான நாற்காலியில் ஒரு மனிதனை உட்கார வைக்கும். முன்பு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிய ஒருவர் வந்திருந்தார். உரம் திருடினார் என்று வெளியே அனுப்பியிருந்தார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. பிறகு எதற்கு அங்கிள் இந்த அலைச்சல், மறுபடி அங்கேயே போகப்போகிறீர்களா என்று கேட்டேன். “போவ மாட்டேன்மா. கூப்பிட்டாலும் போவ மாட்டேன். நான் திருடலன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான்,” என்றார். தீர்ப்பு வந்த அன்று அவர் வேறு எதையும் கேட்கவில்லை. அந்த ஒரு பக்கத்தை நகல் எடுத்துத் தரச் சொன்னார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார். அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் முழுவதும் நினைத்துக்கொண்டு வந்தேன். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

இன்று எழுதிக் கொடுக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா நம் வீட்டுக்கு வரவில்லை. வீட்டை உரித்தது நான். உன் பலகையை ஏற்றச் சொன்னது நான். அவர் ஐந்து நிமிடம் நிற்காமல் போனதாக நீ இத்தனை வருடம் வைத்திருக்கும் கோபம் நான் கொடுத்தது. அவர் மேல் உனக்கு வேறு கோபங்கள் இருக்கலாம், இருக்க வேண்டும், அவற்றை நீயே வைத்துக்கொள். இதை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

அவரைப் போய்ப் பார் என்று நான் சொல்லவில்லை. பார்க்காதே என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணோடும் நிலைக்கவில்லை, இப்போது தனியாக இருக்கிறார் என்று மாரி மாமா சொன்னார். கேட்டபோது எனக்குச் சந்தோஷமும் இல்லை, பரிதாபமும் இல்லை. என் கன்னத்தில் அந்த ஊசியின் மரப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை போலும். உன்னிடமிருந்து எனக்கு என்ன பதில் வரும் என்பது மட்டும்தான் கவலையாக இருக்கிறது. திங்கட்கிழமை நீ கிளம்புகிறாய். இதை நாளை அச்சடித்து, உன் பையின் மேல் வைப்பேன். நீ கோபப்பட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, பாலம் தாண்டியதும் தாண்டிவிட்டேன் என்று ஒரு சொல் மட்டும் போட்டுவிடு.

அந்த வீட்டைப் பற்றி இரண்டு விஷயம். சாவி வாங்கும் அன்றே எல்லா அறையையும் படம் எடுத்து வைத்துக்கொள், பிறகு யாரும் உன்மேல் குறை சொல்ல முடியாது. பத்தாவது விதியில் நீ கோடு போடாத பகுதியையும் படி. நியாயமான தேய்மானம் நீங்கலாக என்று இருக்கும். மனிதர் குடியிருந்தால் வருகிற தேய்மானத்துக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம். அதனால் ஆணி அடித்துக்கொள். ஏதாவது மாட்டு. போகும்போது ஓட்டையை அடைக்க உனக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. இது மாரி மாமாவுக்கும் தெரியாது. நாம் கோத்தா திங்கிக்கு வந்து இரண்டாவது ஞாயிறு, நீ பள்ளியில் இருந்தாய், வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். உன் அப்பா வந்திருக்கிறார், சாவி கேட்டார், கொடுத்துவிட்டேன், உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கிறார், நான் என்ன செய்வது என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவர் போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அந்த வெறும் அறையில் அவர் மூச்சுவிடுவதுகூட எதிரொலித்தது.

“யாரு பண்ணது?”

“மாரி அண்ணன் ஆளுங்க.”

சுவரில் கை தடவுகிற சத்தம் கேட்டது. “நல்லா பண்ணிருக்காங்க,” என்றார். பிறகு இன்னொன்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன், எண்ணையும் மாற்றினேன். அடுத்த மாதம் தண்ணீர் பில் விஷயமாகக் கூலாய்க்குப் போனபோது வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். உன் அப்பா விட்டுவிட்டுப் போனது. உள்ளே ஒரு டப்பா மார்க்கர், நான்கு நிறம். நான் வாங்கியது என்று சொல்லி உன்னிடம் கொடுத்தேன். போர்டு இல்லாமல் இது எதற்கு அம்மா என்றாய். பிறகு தாத்தாவின் ஐஸ்பெட்டிப் பக்கவாட்டில் பச்சையால் ஒரு கோடு போட்டுப் பார்த்து, துடைத்துவிட்டு, டப்பாவை மூடி வைத்தாய். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. காய்ந்துவிட்டது.

அன்று நீ வாசலில் நின்று கேட்டதற்கு இதுதான் சரியான பதில். அன்றைக்கு அப்பா வரவில்லை. பதினான்கு நாள் கழித்து வந்தார். அந்த ஒன்றுமில்லாத வீட்டில் உட்கார்ந்து, அவர் போனில் கடைசியாகக் கேட்டது, “பையன் எங்க?”

அம்மா